ஒரு நூல் அசைந்த தலை

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்காரர் ஒரு கல்யாணத்தைக் கீழே போட்டு உடைக்கப் பார்த்தார். ஊரார் கல்யாணம் என்றாலும் பரவாயில்லை. பெற்ற மகள் கல்யாணம்!

சண்டை போட்டாரா? இல்லை. முகம் சுளித்தாரா? அதுவும் இல்லை. ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. சொல்லப்போனால் வார்த்தையே பேசவில்லை… வில்லங்கமே அதுதான்.

முதலில் அவருடைய விமானத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பதறாதீர்கள், கம்ப்யூட்டரில் ஓட்டுகிற விமானம். விருதுநகரில் வீடு, சிவகாசியில் லாரி புக்கிங் ஆபீஸ். சீசனில் பட்டாசு லோடு, லோடு என்று போனும் கையுமாக அலைவார். தீபாவளி முடிந்தால் லாரியும் சும்மா நிற்கும், இவரும் சும்மா நிற்பார். அப்படி நின்ற நேரத்தில் பிடித்த கிறுக்குதான் ஃபிளைட் சிமுலேட்டர். மதுரையில் ஏறித் தூத்துக்குடியில் இறக்குவார். தூத்துக்குடியில் ஏறி மதுரையில் இறக்குவார். வழியில் சாத்தூர் வந்தால் என்னைக் கூப்பிட்டுக் காட்டுவார். நானும் ஓடிப்போய்ப் பார்ப்பேன். பழுப்பாக என்னவோ தெரியும்.

இந்தக் கிறுக்குக்கு எண்ணெய் ஊற்றியவள் எங்கள் மகள் பிரின்சி. மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அப்பாவின் பிறந்தநாளுக்கு ஹெட் டிராக்கிங் என்று ஒரு சாமான் வாங்கி வந்தாள். தொப்பியில் மாட்டுகிற சின்னக் கிளிப், அதில் குட்டிக் குட்டி விளக்குகள். மானிட்டரின் மேலே ஒரு கேமரா. தலை எந்தப் பக்கம் அசைகிறது என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். இடது பக்கம் திரும்பினால் திரையில் விமானத்தின் இடது ஜன்னல் வரும். குனிந்தால் மீட்டர்கள். நிமிர்ந்தால் வானம்.

நல்ல விஷயம்தானே? ஆனால் நிஜமாகவே முழுசாகத் திரும்பிவிட்டால் மானிட்டரை எப்படிப் பார்ப்பது? பக்கத்தில் இருக்கிற பீரோவைத்தான் பார்க்க வேண்டும். அதற்கும் ஒரு ஏற்பாடு செய்து வைத்திருக்கிறார்கள். தலை ஒரு நூல் அசைந்தால் போதும், திரையில் காட்சி மொத்தமாகத் திரும்பிவிடும். கண் மட்டும் திரையை விட்டு நகரக் கூடாது.

ஆரம்பத்தில் மனிதர் பட்ட பாடு இருக்கிறதே! விமானம் ரன்வேயை நெருங்குகிற நேரம் பார்த்து நான், "காபி போடவா?" என்பேன். நம் ஆட்களுக்குத் தலையாட்டாமல் பதில் சொல்ல வருமா? ஆட்டுவார். திரையில் வானமும் பூமியும் குலுங்கும். விமானம் வயக்காட்டில் போய் விழும்.

"லேண்டிங் நேரத்துல எதுக்குப் புள்ள கேள்வி கேக்க?" என்று என் மேல் பாய்வார்.

"தலைய ஆட்டச் சொன்னேனா? வாயத் தொறந்து சொல்லுங்களேன்!"

அவர் வாயைத் திறக்கப் பழகவில்லை. கழுத்தை அடக்கப் பழகிக்கொண்டார். வரவரத் தொப்பி இல்லாத நேரத்திலும் அப்படியே ஆகிவிட்டார். ஆராதனை முடிந்து வெளியே வரும்போது யாராவது, "நல்லாருக்கீகளா?" என்று கேட்டால் கண் இமைக்காமல் பார்ப்பார். தாடை ஒரு நூல் இறங்கும், ஏறும். அவர் கணக்கில் அது பலமான தலையாட்டல்! நான் கழுத்துப் பிடிப்பு என்று நினைத்துத் தைலம் தேய்த்துவிட்டேன். அதற்கும் கழுத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இந்த நிலைமையில்தான் கல்யாணப் பேச்சு வந்தது.

பிரின்சிக்கு அருளைப் பிடித்திருக்கிறது. அதே ஆஸ்பத்திரியில் லேபில் வேலை. சாத்தூர்ப் பையன், தங்கமான பையன். ஆனால் அவர்கள் கத்தோலிக்கர்கள், நாங்கள் புராட்டஸ்டண்ட். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான்… உள்ளே இருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள்! எந்தக் கோயிலில் தாலி கட்டுவது என்பதிலேயே பேச்சு முறிந்த சம்பந்தங்கள் எனக்குத் தெரியும். இவரும் பல நாள் மருகினார். கடைசியில், "பிள்ள சந்தோசத்துக்கு மேல என்ன இருக்கு? அவுக கோயில்லயே நடக்கட்டும்" என்று என்னிடம் சொல்லிவிட்டார். பிரின்சியிடம் சொல்லவில்லை. நாலு பேர் முன்னால் அவர்கள் கேட்கட்டும், அப்போது சம்மதிப்பேன் என்று ஒரு கெத்து.

ஞாயிற்றுக்கிழமை அருள் அப்பா, அம்மாவோடு வந்தான். சேவுப் பொட்டலம் வந்தது. காபி போனது. பேச்சு நல்லபடியாகவே போய்க்கொண்டிருந்தது. பிறகு அருளின் அப்பா தொண்டையைக் கனைத்தார்.

"அண்ணாச்சி, கல்யாணத்த எங்க கோயில்ல வச்சிக்கிடலாம்னு ஆசைப்படுதோம். உங்களுக்குச் சம்மதந்தான?"

எங்கள் பக்கம் பெண்ணைப் பெற்றவர் இதற்குச் 'சம்மதம், சம்மதம்' என்று வாயால் கொட்ட மாட்டார். அலைகிறார் என்று ஆகிவிடுமாம். கனமாக, மெதுவாகத் தலையாட்டுவார். இவரும் ஆட்டினார்.

யாருக்குத் தெரிந்தது? நேருக்கு நேர் முறைத்துக்கொண்டு சிலை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

அருளின் அப்பா இரண்டாவது தடவை கேட்டார். சிலை. அருளின் அம்மா பாதிக் காபியோடு டம்ளரைக் கீழே வைத்தார். அடுக்களை வாசலில் நின்ற பிரின்சியின் முகம் வெளுத்துவிட்டது. நான் இவர் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினேன்.

"என்னங்க, கல்லு மாதிரி இருக்கீக? பதில் சொல்லுங்க!"

"சம்மதம்னுதான அப்பருந்து ஆட்டிக்கிட்டு இருக்கேன்!" என்றார் கோபமாக.

யார் நம்புவார்கள்? அருளின் அப்பா எழுந்தே விட்டார். "மதினி, அவர நெருக்காதீக. மனசில்லாம சொல்ற சம்மதம் பிள்ளைகளுக்கு ஆகாது. அண்ணாச்சி யோசிச்சுச் சொல்லட்டும். நாங்க வாறோம்."

அருள் பிரின்சியைப் பார்த்தான். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. இப்படிப் போகிறவர்கள் திரும்பி வருவார்களா?

அப்போதுதான் பிரின்சி விடுவிடுவென்று வந்தாள். அப்பா கையைப் பிடித்து இழுத்தாள். கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தாள். தொப்பியை மாட்டினாள். திரையில் விமானம் மதுரை ரன்வேயில் நின்றது.

"மாமா, ஒரே ஒரு தடவ… இப்பக் கேளுங்க."

அருளின் அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. நின்றபடியே கேட்டார். "எங்க கோயில்ல வச்சிக்கிட உங்களுக்குச் சம்மதமா அண்ணாச்சி?"

இவர் தலை ஒரு நூல்தான் அசைந்தது. திரையில் மீட்டர், வானம்! மீட்டர், வானம்! மீட்டர், வானம்! மொத்த மதுரையும் மேலும் கீழும் குதித்தது. மனிதர் நிறுத்தவே இல்லை.

"இம்புட்டு ஆட்டுனீங்களாப்பா?" என்று பிரின்சி அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டாள். அவள் கட்டிக்கொண்டதில் திரையில் காட்சி பின் சீட்டுக்குப் போய்விட்டது. எனக்கும் கண் கலங்கியது. இத்தனை சம்மதத்தையும் ஒரு மனிதர் தாடைக்குள்ளேயே வைத்திருந்தாரே!

வாயால் சொன்னதை நம்பாத சாத்தூர்க்காரர் திரையில் குதித்த வானத்தை நம்பிவிட்டார். "போதும் அண்ணாச்சி… எனக்குத் தலை சுத்துது" என்று சிரித்தபடி உட்கார்ந்தார். அருள் அம்மா மிச்சக் காபியையும் குடித்து முடித்தார். பிறகு என் காதருகில் வந்தார்.

"மதினி, அந்தத் தொப்பி எங்கன கிடைக்கும்? எங்க வீட்லயும் ஒண்ணு வாங்கணும். கல்யாணமான நாள்லருந்து இவுக மனசுல என்ன இருக்குன்னே தெரியல."

நல்ல யோசனையாகத்தான் பட்டது. அவர்களை வழியனுப்பிவிட்டு நான் வந்தபோது இவர் இன்னும் தொப்பியோடு உட்கார்ந்திருந்தார். சந்தர்ப்பத்தை விடுவானேன்?

"இன்னைக்கு நான் வச்ச கறிக்குழம்பு எப்படிங்க இருந்துச்சு?" என்று கேட்டேன்.

தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் பதில் சொன்னார்.