பாலைவனத்தில் நான் பிரியாணி செய்யவில்லை

மெல்போர்னுக்கு வந்த பதினோரு வருடங்களில் நண்பர்களோடு எட்டு முறை வெளியூர் போய்த் தங்கியிருக்கிறேன். கடலுக்குப் போனோம், மலைக்குப் போனோம், ஆற்றங்கரைக்குப் போனோம். எங்கே போனாலும் நான் பார்த்தது அடுப்பைத்தான். எல்லோரும் சுற்றிவிட்டு வந்து, தட்டை நீட்டிக்கொண்டே, "நீங்க பாத்திருக்கணும்" என்பார்கள். கடல் எப்படி இருந்தது என்று கேட்டால், வெங்காயம் வதக்கிய ஜன்னலிலிருந்து அதன் ஒரு மூலை தெரிந்தது என்று மட்டும் என்னால் சொல்ல முடியும்.

நாங்கள் ஐந்து குடும்பங்கள். மூன்று நோபல் பார்க் பகுதியில், இரண்டு ஸ்பிரிங்வேல் பகுதியில். பிள்ளைகளையும் சேர்த்து இருபது பேர். போனில் எங்களுக்கு ஒரு குரூப் உண்டு. பயணம் முடிவானதும் அதில் ஒரு பட்டியல் வரும். கூடாரத்துக்கு நேரே ஓர் ஆணின் பெயர், நாற்காலிக்கு நேரே இன்னோர் ஆணின் பெயர், ஐஸ் பெட்டிக்கு ஒருவர், கிரிக்கெட் மட்டைக்கு ஒருவர். சாப்பாட்டுக்கு வந்தால் பெயர் மாறிவிடும். என் கணவரின் பெயரைப் போட்டு, பக்கத்தில் 'வைஃப்' என்று எழுதி, 'பிரியாணி, 20 பேர்' என்று முடித்திருப்பார்கள். மற்ற வைஃப்களுக்கு இட்லி மாவு, சட்னி, புளிசாதம். நான் 'மசாலா ரெடி' என்று பதில் போடுவேன். வரிசையாகக் கட்டைவிரல்கள் வந்து விழும். அந்தக் குரூப்பில் எனக்குக் கிடைத்த மரியாதை அந்த மஞ்சள் கட்டைவிரல்தான்.

என் பிரியாணி நன்றாக இருக்கும். அதில் எனக்குத் தன்னடக்கம் கிடையாது. ஆனால் என் கணவரைப் போலவே நானும் வாரம் ஐந்து நாள் வேலைக்குப் போகிறேன், ஆஸ்பத்திரி லேபில். அவருக்கு லீவு என்றால் லீவு. எனக்கு லீவு என்றால் வேறோர் ஊரில் சமையல்.

பொறுமை போனது ஒரு புகைப்படத்தால். பட்டியல் போடுகிற நண்பர் வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தோம். ஹாலில் பெரிதாகச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். மலை உச்சி, பின்னால் செக்கச்சிவந்த வானம், முன்னால் எங்கள் கூட்டம். "எல்லாரும் எவ்ளோ அழகா விழுந்திருக்கோம் பாருங்க" என்றார். நான் எண்ணினேன். பத்தொன்பது பேர். அந்த நேரத்தில் நான் கீழே கேபினில் இருபது முட்டை உரித்துக்கொண்டிருந்தேன். என் கணவர் படத்தை ரசித்துப் பார்த்தார். என் மகளும் பார்த்தாள். யாருக்கும் அதில் ஒரு குறையும் தெரியவில்லை. அந்தச் சட்டத்தைக் கழற்றித் தரையில் வைத்துவிடலாமா என்று இருந்தது. கொடுத்த காபியைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

ஈஸ்டர் விடுமுறைக்கு முன் அடுத்த பயணத்தின் பேச்சு குரூப்பில் வந்தது. இந்த முறை பாலைவனம். மேற்கே ஐந்து மணி நேரம் ஓட்டினால் லிட்டில் டெசர்ட் வரும், ஒரு ராத்திரி கூடாரம் போட்டுத் தங்கிவிட்டு வரலாம். "வாழ்க்கைல ஒரு தடவையாவது பாலைவனத்துல சூரியன் மறையறதைப் பாக்கணும்" என்று நண்பர் எழுதியிருந்தார். நானும் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். எனக்கு வேறொன்றும் வேண்டாம். மணலில் உட்கார வேண்டும், சூரியன் முழுதாக இறங்கும்வரை எழுந்திருக்கக் கூடாது. அவ்வளவுதான் ஆசை.

பட்டியலும் வந்தது. வைஃப், பிரியாணி, 20 பேர்.

நான் எழுதினேன்: "நான் வருகிறேன். இந்த முறை எதுவும் சமைத்துக் கொண்டுவர மாட்டேன். அங்கேயும் சமைக்க மாட்டேன்."

ஒரு கட்டைவிரலும் வரவில்லை. பக்கத்து அறையிலிருந்து என் கணவர்தான் வந்தார்.

"குரூப்ல என்ன போட்டிருக்க?"

"படிச்சீங்கல்ல."

"உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன்."

"அப்புறம் என்ன? நீ பண்ற மாதிரி யாரால பண்ண முடியும், சொல்லு."

இந்தப் பாராட்டு எனக்குப் பழக்கம். இத்தனை வருடம் என்னை அடுப்போடு கட்டிப்போட்டது இந்த ஒரு வாக்கியம்தான். "யாராலயும் முடியலன்னா அன்னிக்கு யாரும் பிரியாணி சாப்பிட வேண்டாம்" என்றேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் பட்டியல் போடும் நண்பரின் மனைவி போன் செய்தாள். கோயம்புத்தூர்க்காரி, என்னைவிட இரண்டு வயது இளையவள், எந்தப் பயணத்திலும் அந்த இட்லி மாவு அவளுடையதுதான்.

"நீங்க பாட்டுக்குச் சொல்லிப்போட்டீங்க. இப்ப அந்த வேலை யாரு தலைல விழும்? எங்க தலைலதானுங்க விழும்."

"நீங்களும் முடியாதுன்னு சொல்லுங்க."

"சொல்லிப்போட்டு இந்த வீட்டுல நான்தானுங்களே இருக்கோணும்."

அவள் சொன்னதில் தப்பில்லை. நியாயத்தைச் சொல்லி யாராவது மடக்கினால் எனக்கு வாய் நீளும். "அப்ப சமைங்க" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். வைத்த கையோடு வெட்கமாக இருந்தது. ஆனாலும் குரூப்பில் எழுதியதை நான் அழிக்கவில்லை.

எங்கள் ஐந்து குடும்பங்களில் ஒன்று யாழ்ப்பாணத்துக் குடும்பம். அந்த அக்கா எங்கள் தெருவிலேயே இருக்கிறார். அவர் போன் செய்யவில்லை. கடைக்குப் போகிற வழியில் வாசலில் நின்றார்.

"நீர் எழுதினதைக் கண்டனான். நானும் ஒண்டும் சமைச்சுக் கொண்டு வரமாட்டன். எனக்கு மட்டும் பாணும் சம்பலும்." பாண் என்றால் பிரெட், சம்பல் என்றால் தேங்காய்த் துவையல்.

"அண்ணன் ஒண்ணும் சொல்லலையா?"

"அவர் என்னத்தைச் சொல்லுறது. பாண் வெட்டத் தெரியுமெண்டால் அவரும் சாப்பிடட்டும். போயிட்டு வாறன்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

கடைசியில் குரூப்பிலேயே ஆண்கள் கலந்து பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். சமையல் தங்களுடையது. "சிம்பிளா சோறு, சிக்கன் குழம்பு. இதுல என்ன கஷ்டம்" என்று என் கணவர் எழுதினார். அதற்குக் கட்டைவிரல்கள் வந்தன.

சனிக்கிழமை காலை ஐந்து கார்களில் கிளம்பினோம். பாலரட் தாண்டி ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்துவது எங்கள் வழக்கம். கார் டிக்கியைத் திறந்து, ஃபாயிலில் சுற்றிய புளிசாதத்தை எடுத்து, சுற்றி நின்று சாப்பிடுவோம். அன்றும் நிறுத்தினோம். டிக்கிகளைத் திறந்தார்கள். உள்ளே கூடாரங்களும் நாற்காலிகளும் கிரிக்கெட் மட்டையும் இருந்தன. புளிசாதம் பெண்கள் கொண்டுவருவார்கள் என்று ஆண்கள் நினைத்திருந்தார்கள். சமையல் ஆண்களுடையது என்று பெண்கள் நினைத்திருந்தார்கள். கொஞ்ச நேரம் எல்லோரும் டிக்கிகளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் ஃபிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் குடித்தேன். மகளுக்கு ஒரு சாண்ட்விச் வைத்திருந்தேன், அவள் சாப்பிட்டாள். மற்றவர்கள் பங்கில் கிடைத்த, இறைச்சி வைத்துச் சுட்ட 'மீட் பை'களையும் சிப்ஸையும் வாங்கிச் சாப்பிட்டார்கள்.

அதற்கப்புறம் கோதுமை வயல்கள், அறுத்துவிட்ட மஞ்சள் தரை, தானியக் களஞ்சியங்கள், மறுபடி வயல்கள். பிற்பகலில் மண்பாதையில் திரும்பினோம். "திஸ் இஸ் நாட் ஈவன் எ டெசர்ட்" என்றாள் என் பன்னிரண்டு வயது மகள். ஒட்டகமும் வெறும் மணலும் எதிர்பார்த்திருந்தாள். அங்கே குட்டையான யூகலிப்டஸ் மரங்களும் முள் புதர்களும் இருந்தன. அவற்றுக்கு நடுவில் மேடு மேடாக வெள்ளை மணல். எனக்கு அதுவே போதும் என்று இருந்தது.

கூடாரங்கள் எழுந்தன. பிறகு சமையல்காரர்கள் சாமான்களை இறக்கினார்கள். ஒரு மூட்டை அரிசி, ஐஸ் பெட்டியில் கோழி, இரண்டு ரைஸ் குக்கர். அதில் ஒன்று என்னுடையது. என் கணவர் அதன் வயரைக் கையில் பிடித்துக்கொண்டு மர மேசையைச் சுற்றி வந்தார். பிறகு கழிப்பறைக்குப் பின்னால் போய்ப் பார்த்தார். நண்பர் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பார்த்தார். பாலைவனத்தில் பிளக் பாயிண்ட் இருக்காது என்பது ஐந்து பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. சோறு எங்கள் வீடுகளில் சுவரிலிருந்து வருகிறது என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

நான் எழுந்து கூடாரங்களுக்குப் பின்னால் இருந்த மணல் மேட்டில் ஏறினேன். பெண்கள் எல்லோரும் வந்தார்கள். மேலே உட்கார்ந்தால் மேற்கே சூரியன் தெரியும். கழுத்தைத் திருப்பினால் கீழே எங்கள் கூட்டமும் தெரியும். திருப்பியிருக்கக் கூடாது, திருப்பினேன். குக்கரின் உள்பாத்திரத்தை வெளியே எடுத்து, அதை அப்படியே விறகு நெருப்பின் மேல் வைத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே பூச்சுப் பூசிய பாத்திரம் அது. நெருப்பில் வைத்தால் வீணாகிவிடும் என்று எனக்குத் தெரியும். சொல்ல வாயெடுத்தேன், மூடிக்கொண்டேன்.

மகள் மேலே ஏறி வந்தாள். "மம், அப்பா ஹௌ மச் வாட்டர்னு கேக்கறாங்க."

"அப்பாவுக்கே தெரியும்னு சொல்லு."

"ஹி டசின்ட்."

"அப்ப இன்னிக்குக் கத்துக்குவாங்க."

அவள் கீழே பார்த்தாள், என்னைப் பார்த்தாள். போய்ச் சொல்வாள் என்று நினைத்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

சூரியன் மரங்களுக்கு மேலே ஒரு முழம் இருந்தது. கீழே புகை கிளம்பிற்று, கருகல் வாசனை வந்தது, யாரோ ஒரு குழந்தை பசியில் அழுதது. கோயம்புத்தூர்க்காரி எழுந்தாள். "புள்ளைங்க பசில கெடக்குதுங்க" என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டு இறங்கினாள். அவளைத் தொடர்ந்து இன்னும் இரண்டு பேர் போனார்கள். அந்தக் குழந்தைக்கு நான் எத்தனையோ முறை ஊட்டியிருக்கிறேன். எழுந்திருக்க ஒரு கையை மணலில் ஊன்றிவிட்டேன்.

அக்கா பாணைப் பிய்த்துக்கொண்டே சொன்னார். "இரும். நீர் இப்ப எழும்பினீரெண்டா எல்லாம் முடிஞ்சுது."

"என் பாத்திரம்க்கா."

"பாத்திரம் போகட்டும். பிள்ளையளுக்கு என்னட்டைப் பாண் கிடக்கு, குடுத்துவிடுறன்." ஒரு பாணை என் மகளிடம் கொடுத்து அனுப்பினார். அவள் ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு ஓடி வந்தாள்.

நான் கையை எடுத்துவிட்டேன். உட்கார்ந்தேன். சூரியன் கீழே வர வர மணல் மஞ்சளாயிற்று, பிறகு எங்கள் கால்களும் கைகளும் அந்த நிறமாயின. புதர்களின் நிழல் நீண்டு எங்களைத் தாண்டிப் போயிற்று. மரங்களுக்குப் பின்னால் சூரியன் இறங்கி, கடைசியில் ஒரு நகக்கண் அளவு நின்று, போய்விட்டது. போன பிறகுதான் வானம் சிவந்தது. நான் உருகி அழுதேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். எனக்குக் கோபம்தான் வந்தது. எட்டு முறை இது என் முதுகுக்குப் பின்னால் நடந்திருக்கிறது. நான் கரண்டியோடு நின்றிருக்கிறேன். இனி என் முதுகுக்குப் பின்னால் நடக்காது என்று அங்கேயே சொல்லிக்கொண்டேன், கொஞ்சம் சத்தமாகவே. அக்கா "ஓம்" என்று தலையாட்டினார்.

இருட்டத் தொடங்கியபோது என் கணவர் டார்ச்சும் இரண்டு காகிதத் தட்டுகளுமாக மேட்டில் ஏறி வந்தார். சட்டை முழுக்கப் புகை வாசனை. கண் சிவந்திருந்தது. சோறு அடியில் கருகி, மேலே குழைந்து, நடுவில் வேகாமல் இருந்தது. நான் ஒரு வாய் சாப்பிட்டேன்.

"எப்படி இருக்கு?"

"உப்பு இல்ல."

"போடலையா?"

"போடல."

அவர் மணலில் உட்கார்ந்து அவருடைய தட்டை எடுத்தார். எல்லோருக்கும் போட்டுவிட்டுக் கடைசியாகச் சாப்பிட வந்திருக்கிறார் என்று புரிந்தது. எனக்கு இரக்கம் வந்தது. மேற்கே மிச்சமிருந்த ஒரு கோடு சிவப்பைப் பார்த்தபடி கேட்டார்.

"சூரியன் எப்படி இருந்துச்சு? நெருப்பு ஊதிட்டே இருந்தேன், கவனிக்கவே இல்ல."

"நல்லா இருந்துச்சு" என்றேன். "நீங்க பாத்திருக்கணும்."

அவர் மெல்லுவதை நிறுத்தினார். தட்டில் இருந்ததை நான் முழுதும் சாப்பிட்டு முடித்தேன்.

மறுநாள் காலை கூடாரங்களை மடிக்கும்போது கோயம்புத்தூர்க்காரி என்னோடு பேசவில்லை. கருகிய பாத்திரத்தை மணல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அது என் பாத்திரம், விடுங்கள் என்றேன். விடவில்லை. போனில் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். "இருக்கட்டும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திரும்பி வரும் வழியெல்லாம் அதுதான் எனக்குள் உறுத்தியது. நான் மேட்டில் உட்கார்ந்திருந்த நேரத்தில் அவள் இறங்கிப் போனாள் என்பது என்னால் மறக்கக்கூடியதாக இல்லை.

இரண்டு மாதம் கழித்து அடுத்த பயணத்துக்குப் பட்டியல் வந்தது. அதை நண்பர் போடவில்லை, கோயம்புத்தூர்க்காரி போட்டிருந்தாள். கிரிக்கெட் மட்டைக்கு நேரே அவளுடைய பெயர். நாற்காலிக்கு நேரே அக்காவின் பெயர். கூடாரத்துக்கு நேரே என் பெயர், யாருடைய வைஃப் என்றும் இல்லாமல், வெறும் என் பெயர். இட்லி மாவு அவள் கணவருக்குப் போயிருந்தது. பிரியாணி, 20 பேர் என்பதற்கு நேரே என் கணவரின் பெயர் இருந்தது, பக்கத்தில் வேறெதுவும் எழுதியிருக்கவில்லை.

பக்கத்து அறையிலிருந்து அவர் எழுந்து வருகிற சத்தம் கேட்டது. நான் ஒரு கட்டைவிரலை அனுப்பிவிட்டு, கூடாரம் எப்படிப் போடுவது என்று பார்க்க உட்கார்ந்தேன்.