வனஜா தொடவிடாத மெஷின்

வனஜா இறந்த செய்தியைப் பேச்சியம்மாள்தான் தொலைபேசியில் சொன்னாள். "அக்கா போயிட்டாங்க சார்" என்றாள். காமாலை என்று ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். தேறிவிடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். முப்பது வயதுகூட ஆகவில்லை.

அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? ஆனால் உற்பத்தி லைன் நின்ற அந்தக் காலையில் அங்கே இல்லாதவர்களும் உங்களில் உண்டு. அவர்களுக்காகச் சொல்கிறேன்.

ஒரகடம் சாலையில் இருந்த எங்கள் தொழிற்சாலையில், தயாரான பாகங்களைச் சோதிக்கும் கம்ப்யூட்டர் புரோகிராம்களை எழுதுவது வனஜாவுக்கும் எனக்கும் வேலை. அந்த வாரம் சோதனைக் கம்ப்யூட்டரில் ஓடிய புரோகிராம் அப்படியே உறைந்து நின்றது, மறுபடியும் நின்றது. இரண்டு முறையும் அதை இயக்கியவள் பேச்சியம்மாள், தென்காசிப் பக்கமிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்த பெண். "கண்ட பட்டனையும் அமுக்கறா சார், இன்னியோட அனுப்பிடுங்க" என்று சூப்பர்வைசர் மேனேஜரையே அழைத்து வந்துவிட்டார்.

"நான் ஒண்ணும் செய்யல சார், அதுவா நின்னுட்டு" என்று அவள் அழுதாள்.

சூப்பர்வைசர் கம்ப்யூட்டரை அணைக்கக் கை நீட்டியபோது வனஜா குறுக்கே வந்து நின்றார்.

"தொடாதீங்க சார். நின்னுகினு கீறப்பவே கேட்டாத்தான் சொல்லும். ரீஸ்டார்ட் பண்ணா எல்லாத்தையும் மறந்துடும்."

"லைன் நிக்குது வனஜா!"

"நிக்கட்டும். ஒரு பொண்ணோட வேல போவுதில்ல?"

பென்னலூர்க்காரர் அவர். கோபம் வந்தால் ஊர்ப் பேச்சு முன்னால் வந்துவிடும்.

அதே கம்ப்யூட்டரில் கறுப்புத் திரை ஒன்றைத் திறந்து 'பீஸ்டாக்' என்ற கட்டளையைத் தட்டினார். ஓடும் புரோகிராம் அந்தக் கணத்தில் எங்கே நிற்கிறது, எந்தப் பகுதி அதை அங்கே அனுப்பியது, அதற்கும் முன்னால் எது என்று வரிவரியாகக் காட்டும் கட்டளை அது. முதல் வரிகளை இன்னொரு முறை படித்தார். எனக்கும் புரிந்துவிட்டது. பட்டன்களைக் கவனிக்கும் பகுதிக்கே புரோகிராம் வந்திருக்கவில்லை. பாகங்களின் எண்ணைப் படிக்கும் ஸ்கேனரின் பதிலுக்காகக் காத்துக் கிடந்தது. பதில் வராவிட்டால் எப்போது விட்டுவிட வேண்டும் என்று அதற்குச் சொல்லப்படவே இல்லை. அந்தப் பகுதியை எழுதியவர் வனஜா.

மேனேஜருக்கு அந்த வரிகள் புரிந்திருக்காது. ஸ்கேனர் கோளாறு என்று சொல்லியிருந்தாலே போதும். அந்த மாதம்தான் வனஜாவின் வேலை நிரந்தரமாக வேண்டியிருந்தது. அவரோ திரையை மேனேஜர் பக்கம் திருப்பினார்.

"இது நான் எழுதுனது சார். தப்பு என்னுது. அந்தப் பொண்ணு இன்னா பண்ணுவா?"

அன்றைக்கே அதைத் திருத்திக் கொடுத்தார். பேச்சியம்மாளின் வேலை தப்பியது. வனஜாவின் நிரந்தரம் மறுவருடத்துக்குத் தள்ளிப்போனது. அதைச் சிரித்தபடி ஏற்றுக்கொண்டார் என்று எழுத மாட்டேன். "கடுப்பாத்தான் கீது. ஆனா அவள அனுப்பியிருந்தா எனக்குச் சோறு எறங்கியிருக்காது" என்றார்.

நேற்று பென்னலூர் வீட்டில், வனஜாவுடைய அம்மாவின் கையைப் பிடித்தபடி பேச்சியம்மாள் உட்கார்ந்திருந்தாள். ஷிஃப்டிலிருந்து யூனிஃபார்மோடு வந்திருந்தாள்.

வனஜாவிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொள்வது இதைத்தான். அன்று மேனேஜர் போனதும், திருத்த உட்காருவதற்கு முன்பே அவர் பேச்சியம்மாளிடம் போனார். அவளுடைய தோளைத் தொட்டு, "மூஞ்சக் கழுவிகினு வா, டீ குடிக்கலாம்" என்றார்.