கணக்கில் வராத நாலாவது கிணறு

பச்சமுத்து சாரோடு பதினோரு வருஷம் மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தவன் நான். நாய் படாத பாடு. மற்ற சானிட்டரி இன்ஸ்பெக்டர்கள் மணியக்காரர் வீட்டில் மோர் குடித்து, அவர் சொன்னதை எழுதிக்கொண்டு பொழுதோடு திரும்பிவிடுவார்கள். இந்த மனுஷன் எந்த ஊருக்குப் போனாலும் முதலில் சேரிக்குள்தான் நுழைவார். காலிக் குடத்தோடு போகிறவர்கள் பின்னாலேயே நடந்து, அது எங்கே நிரம்புகிறது என்று கண்ணால் பார்த்த பிறகுதான் நோட்டைத் திறப்பார். "ஏனுங்க, கேட்டாச் சொல்ல மாட்டாங்களா?" என்று ஒருநாள் எரிச்சலில் கேட்டுவிட்டேன். அப்போதுதான் சொன்னார்.

1926இல் அவர் சேலம் காலேஜில் படித்துக்கொண்டிருந்தார். ராசிபுரம் பக்கம் வாந்திபேதி பரவியது. கிணறுகளுக்கு மருந்து போடத் தொண்டர்கள் வேண்டும் என்றதும் ஐந்து மாணவர்கள் கிளம்பினார்கள். ஓர் ஊரில் எத்தனை கிணறு என்று மணியக்காரரைக் கேட்டார்கள். "மூணுங்க" என்றார். மூன்றிலும் ஊதா மருந்தைக் கரைத்து ஊற்றிவிட்டு, அவர் போட்ட தயிர்ச்சோற்றைச் சாப்பிட்டு பஸ் ஏறினார்கள். மணியக்காரர் பொய் சொல்லவில்லை. சேரிக் கிணற்றை ஊர்க் கணக்கில் சேர்க்கிற வழக்கமே அவருக்கு இல்லை.

ஒரே வாரத்தில் சேரியில் ஏழு பேர் செத்தார்கள். செய்தி கேட்டு பச்சமுத்து தனியாக ஓடினார். புருஷனையும் மூத்த மகளையும் பறிகொடுத்த மாரக்காள் என்ற பெண் கிணற்றடியில் உட்கார்ந்திருந்தாள். "இதுக்கு ஏஞ்சாமி மருந்து போடலே?" என்று மட்டும் கேட்டாளாம். இவர் வந்த வழியே திரும்பி நடந்துவிட்டார்.

ஆத்தூரில் அப்பாவின் அரிசி மில் இவருக்காகக் காத்திருந்தது. அந்தக் கேள்வி இவரை அங்கே உட்கார விடவில்லை. இன்ஸ்பெக்டர் பரீட்சை எழுதப் போனார். "கல்லாவுல உக்கார வேண்டியவன் கெணறு கெணறா எட்டிப் பாக்கப் போறானாம்" என்று அப்பா ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

43இல் அதே ஊரில் மறுபடியும் வாந்திபேதி. எங்களை அங்கே போகச் சொல்லி உத்தரவு வந்த அன்று சார் சோற்றைத் தள்ளி வைத்துவிட்டார்.

"அந்தம்மா உயிரோட இருந்தா, அந்தப் பையன் நான்தான்னு சொல்லணும் சின்னுசாமி. பதினேழு வருஷமாப் போய்ச் சொல்லத் துணிச்சல் வரலை" என்றார்.

"வேலில போற ஓணான எதுக்குங்க எடுத்து மடில உட்டுக்கறீங்க? யாருக்குங்க இன்னும் ஞாபகம் இருக்கப் போகுது" என்று தடுத்தேன். புத்தி கெட்டவன் நான்.

மறுநாள் காலையில் சேரிக் கிணற்றுக்குத்தான் முதலில் போனோம். மணியக்காரர் மகன் காத்திருப்பதாக ஆள் வந்து சொன்னான். "இருக்கட்டும்" என்றார் சார். மருந்தைக் கரைத்து ஊற்றுகிறவரை, தலை நரைத்த ஓர் அம்மாள் பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்தபடியே நின்றாள். நிமிர்ந்து பார்த்த சார் வாளியைக் கீழே வைத்தார். மாரக்காள்தான்.

"அம்மா, அன்னைக்கு மூணு கிணத்துக்கு மட்டும் போட்டுட்டுப் போன பையன் நான்தான். இங்க வந்து பாக்காமப் போனது என் தப்பு" என்றார்.

"நீங்க வந்தப்பவே மொகம் தெரிஞ்சுதுங்க சாமி. நீங்களாச் சொல்றீங்களான்னுதான் நின்னு பாத்தேன்."

சார் அழுதுவிட்டார். நான் பெட்டியை மூடுகிற சாக்கில் குனிந்துகொண்டேன். அவள் அழவில்லை. அவர் கக்கத்தில் இருந்த நோட்டைப் பார்த்தாள்.

"எம் மக செத்தது எந்த நோட்டுலயும் ஏறலீங்க. எழுதறதுக்கு யாரும் இந்தப் பக்கம் வரவே இல்லீங்க. பேரு பழனியம்மா. ஒம்பது வயசு. எழுதிக்குங்க சாமி."

சார் கிணற்றடியிலேயே உட்கார்ந்து நோட்டைத் திறந்தார். பழனியம்மாளில் தொடங்கி ஏழு பேரையும், பெயரும் வயதும் கேட்டுக் கேட்டு எழுதினார். அதுவரைக்கும் ஊரின் மூன்று கிணறுகளும் காத்திருந்தன.