உள்பக்கம் போன ஊர்ப்பெயர்

எங்கள் தீப்பெட்டி ஆபீசில் அட்டைப்பெட்டிகளின் மேல் ஊர்ப்பெயர் போடுவது என் வேலை. எழுத்து வெட்டிய தகட்டை வைத்து மை ஒற்றுவேன். ஈரானுக்குப் போகும் பெட்டிகளில் எழுத்து வலமிருந்து இடமாக ஓடும். அஞ்சாம் வகுப்போடு நின்ற எனக்கு அதை வாசிக்கத் தெரியாது. கரிசல் வெடிப்போரம் எறும்பு ஊர்வதுபோல இருக்கும். ஒற்றும்போதெல்லாம், அங்கே யாரோ ஒருத்தி குளிர்ந்த காலையில் எங்கள் குச்சியை உரசி டீக்கு அடுப்பைப் பற்றவைப்பதாக நினைத்துக்கொள்வேன்.

ஒரு புரட்டாசிக் கடைசியில் அந்த நாட்டின் மேல் வியாபாரத் தடை இறுகிவிட்டது என்றார்கள். தீப்பெட்டிக்குத் தடையில்லை. ஆனால் கப்பல்காரர்கள் அந்தத் துறைமுகத்துக்குப் போக மறுத்தார்கள். பாங்குகள் அங்கிருந்து வரும் பணத்தைத் தொடப் பயந்தன. பெயர் போட்டு அடைத்த பெட்டிகள் கூரை முட்ட நின்றன. மழை இறங்கினால் குச்சி மருந்து நமத்துவிடும்.

"இந்த லோடு போகலேன்னா ஆபீசப் பூட்டிற வேண்டியதுதான்" என்றார் முதலாளி.

பிறகு எங்கள் ஏற்றுமதி ஏஜெண்ட் ஒரு வழி சொன்னார். துபாய் வியாபாரி ஒருவர் சரக்கை வாங்கி, அங்கிருந்து ஈரானுக்கு அனுப்பிக்கொள்வார். பெட்டியின் வெளியே மட்டும் அந்த ஊர்ப்பெயர் தெரியக் கூடாது.

"புதுப் பொட்டி வாரதுக்குள்ள தீவாளி வந்துரும். மழை காத்துக்கிட்டா இருக்கும்?" முதலாளி தலையில் கைவைத்தார்.

எனக்கு ஒன்று தோன்றியது. ஒரு பெட்டியைக் காலிசெய்து, பின் அடித்த ஓரத்தைப் பிரித்தேன். தலையணை உறைபோல் உள்ளே வெளியே புரட்டி ஒட்டி, பண்டல் கட்டிக்கொண்டிருந்த என் மனைவி முன்னால் வைத்தேன்.

"இவிய வாயில தீக்குச்சிய உரசுனாலும் ஒரு சொல்லு வராது" என்று சிரித்தவள், குரல் கொடுத்தாள்: "மொதலாளி, இங்கன வந்து பாருங்க. பேரு உள்ள போயிட்டு!"

முதலாளி சுற்றிவந்து பார்த்தார். "சட்டையப் பொரட்டிப் போட்ட கணக்கால்லா இருக்கு!"

போட்டோ துபாய்க்குப் போனது. சரி என்று பதில் வந்தது. ஆபீசே உட்கார்ந்து பெட்டிகளைப் புரட்டியது. முதல் தூறலில் தார்ப்பாய் போர்த்திய லாரி தூத்துக்குடி ரோட்டில் ஏறியது.

மறுநாள் காலையில் ஆபீஸ் வேன் வழக்கம்போல வந்து ஹாரன் அடித்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து, ஈரக் கரிசலைப் பார்த்தபடி போனேன். கடலை நோக்கி, பெட்டிகளின் இருட்டுக்குள், அந்த எறும்புகள் வரிசை கலையாமல் ஊர்ந்துகொண்டிருந்தன. ஈரானில் யாரோ ஒரு கடைக்காரர் பெட்டியைத் திறக்கும்போதுதான் அவை வெளிச்சம் பார்க்கும்.