சைக்கிள் சீட்டுக்கு ஏற்றிய சாயம்

தை மாதத்தில் ஒரு நாள் துறைமுகத்தில் கயிறு நழுவி, ஒரு மூட்டை என் வீட்டுக்காரர் இடுப்பில் விழுந்தது. எலும்பு முறியவில்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். முறிந்திருந்தால் கட்டுப் போட்டு ஆற்றியிருக்கலாம். முறியாமல் வந்த வலிக்கு எங்கே கட்டுப் போடுவது? மாசி முழுக்க அவர் காலடிப்பேட்டை வீட்டில் ஒருக்களித்தே படுத்துக் கிடந்தார். சாப்பிடும்போது கூட ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் உட்காருவார்.

மாசிக் கடைசியில் அவருடைய மேஸ்திரி பார்க்க வந்தார். நல்ல மனிதர்தான், குறை சொல்ல மாட்டேன். காப்பியைக் குடித்துவிட்டு வாசலில் நின்றபடி சொன்னார்.

"மூட்ட தூக்க வாணாம்பா. கிரேன்காரனுக்குக் கை காட்டிகினு நின்னா போதும். ஆனா பழையபடி சைக்கிள்ல வந்து சேரு. சைக்கிள் மிதிக்க முடியாதவன கிரேனுக்குக் கீய நிக்க வெச்சிட்டு நான் எப்டி நிம்மதியா இருக்கறது? ஓட வேண்டிய நேரத்துல ஓடணும்ல? பங்குனி பொறந்ததும் வா. வரலன்னா வேற ஆளப் போட்ருவேன்."

என் வீட்டுக்காரர் தலையாட்டினார். அந்த வேலை போனால் அவர் என்ன ஆவார் என்று எனக்குத் தெரியும். காலையில் கிளம்பிப் போக ஓர் இடம் இல்லையென்றால் அவருக்குச் சோறு இறங்காது.

மறுநாளே பெரிய ரோட்டில் சைக்கிள் ஏறிப் பார்த்தார். நானும் கூடப் போயிருந்தேன். சீட்டில் உட்கார்ந்தவர் நாலு மிதி மிதிப்பதற்குள் இறங்கிவிட்டார். முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"இன்னா மாமா?" என்றேன்.

"சீட்டு குத்துது."

எனக்குக் கோபம் வந்தால் எதையாவது திட்டியாக வேண்டும். அன்றைக்கு அந்தச் சீட்டு வசமாக மாட்டியது. அது இருந்த லட்சணமும் அப்படி. தோல் காய்ந்து கருவாடு மாதிரி வெடித்திருந்தது. நடுவில் பள்ளம் விழுந்து, பின்பக்கத்து இரும்பு வெளியே தலைநீட்டிக்கொண்டிருந்தது. நல்ல இடுப்புக்கே அது ஆகாது, அடிபட்ட இடுப்பு என்ன செய்யும்? சீட்டை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று அந்த நிமிஷமே முடிவு கட்டிவிட்டேன். எனக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்தது தெரியுமா! தைக்கத் தெரிந்தவளுக்கு, தைத்தால் சரியாகிற கஷ்டம் வந்தால் அதை விட வேறென்ன வேண்டும்?

நான் கடல் தொழில் செய்கிற வீட்டில் பிறந்தவள். என் அண்ணன் திருவொற்றியூர் குப்பத்தில் கட்டுமரம் வைத்திருந்தார். அவரிடம் போய்க் கிழிந்த பாய்மரத் துணியில் நல்ல துண்டாக ஒன்று வெட்டித் தரச் சொன்னேன். துணி வெளுத்துப் போயிருந்தது. பாய்க்கும் வலைக்கும் எங்கள் வீட்டில் வேலம்பட்டையைக் கொதிக்க வைத்துச் சாயம் ஏற்றுவோம். துணி மக்காது, கருஞ்சிவப்பாகத் தோல் மாதிரியே தெரியும். நானும் ஒரு பானையில் பட்டையைப் போட்டு ஒரு பகல் முழுக்கக் கொதிக்கவிட்டு அந்தத் துண்டை முக்கி எடுத்தேன்.

அண்ணன் துணியை விரலால் தேய்த்து, விரலைக் காட்டினார். சிவந்திருந்தது.

"புதுச் சாயம். கடல் தண்ணி குடிச்சாத்தான் இது நிக்கும். நாலு வாட்டி கடலுக்குப் போய் வந்த பாய் ஒட்டாது. இத்த அப்டியே சீட்டுல போட்டீன்னா, வேர்வ பட்டாலும் மழ பட்டாலும் எறங்கிகினே இருக்கும். உன் வூட்டுக்காரு பின்னாடி செவப்பா சுத்துவாரு, பாத்துக்க."

"சுத்தட்டும். தோய்க்கறவ நான்தானே?" என்றேன். பங்குனி பிறக்க நாள் இல்லை. கடலுக்கு அனுப்பிப் பக்குவம் பண்ண எனக்கு எங்கே நேரம்?

ஸ்பானர் வைத்துச் சீட்டைக் கழற்றி, பழைய தோலைக் கத்தியால் கீறி எடுத்தேன். தேங்காய் நாரை ஊற வைத்து, தட்டி, வெயிலில் உலர்த்திப் பஞ்சாகப் பிரித்தேன். பழைய கம்பளி ஒன்றை மடித்துக் கம்பிகளின் மேல் போட்டு, அதன் மேல் நாரைப் பரப்பினேன். பிறகு அவரைக் கூப்பிட்டேன்.

"எங்க வலிக்குதுன்னு தொட்டுக் காட்டு."

அவருக்கு வெட்கம். "அய்யே, இன்னாமே நீ, பட்டப்பகல்ல" என்று சிரித்தார். நான் விடவில்லை. அவர் காட்டிய இடத்தை அளந்துகொண்டு, அந்த இடம் சீட்டில் எங்கே படுமோ அங்கே நாரைக் குறைத்து ஒரு குழி விட்டேன். இரண்டு பக்கமும் மேடாக்கி, பாய்த் துணியை இழுத்துப் போர்த்தி, மெழுகு பூசிய நூலால் கோணி ஊசி கொண்டு தைத்தேன். விளிம்பில் கயிறு கோத்து, வலை ஓரத்தைச் சுருக்குகிற மாதிரி அடியில் சுருக்கி முடிச்சுப் போட்டேன். எந்தக் கம்பெனிக்காரன் செய்வான் அப்படி ஒரு சீட்டு? ஒருத்தர் உடம்புக்கென்றே செய்தது அது.

பங்குனி முதல் நாள் விடியற்காலையில் சைக்கிளை வெளியே எடுத்தார். உள்ளங்கையால் சீட்டை அமுக்கிப் பார்த்தார்.

"மெத்த மாரி கீதுமே."

"ஏறிக் காட்டு."

"இந்த மணல்ல எப்டி ஏறுறது? ரோட்டாண்ட போய் ஏறிக்கறேன்."

எங்கள் தெரு மணல் தெரு. யாருமே அதில் சைக்கிள் ஓட்டமாட்டார்கள். தள்ளிக்கொண்டு போனார். சாயந்திரம் தள்ளிக்கொண்டே வந்தார். வேலை கிடைத்துவிட்டது. துறைமுகத்து கேட்டிலும் எல்லோரும் இறங்கித்தான் வண்டியைத் தள்ளிக்கொண்டு நுழைவார்கள். மேஸ்திரி சைக்கிளைப் பார்த்துவிட்டு முதுகில் தட்டிக் கொடுத்தாராம்.

"குத்துதா?" என்று கேட்டேன்.

"துளி கூட இல்ல."

எனக்குக் கர்வம் தாங்கவில்லை. முதல் வாரம் அவருடைய காக்கிக் கால்சட்டையைத் துவைக்கும்போது, பின்பக்கம் சிவந்திருக்கும் என்று தனியாகச் சோப்பு எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு பொட்டுக் கறை இல்லை. அடுத்த வாரமும் இல்லை. சித்திரை வெயிலில் சட்டை வேர்வையில் உப்புப் பூத்து வரும், காக்கி மட்டும் சுத்தமாக இருக்கும். அண்ணனைப் பார்க்கும்போதெல்லாம் வம்புக்கு இழுத்தேன். "கடல் தண்ணி குடிக்காமயே நிக்குது பாத்தியா என் சாயம்!" அவர் நம்பாமல் தலையைச் சொறிந்துகொண்டார்.

காலையில் அவர் முன்னைவிட வெகு சீக்கிரம் கிளம்பினார். மில் சங்கு ஊதிய பிறகு போகிறவர் இப்போது இருட்டிலேயே போனார். "வெயிலுக்கு மின்ன போயிடறேன்" என்றார். சாயந்திரம் லேட்டாக வந்தார், "தோஸ்துங்களோட பேசிகினு இருந்தேன்" என்றார். செருப்பு மாதத்துக்கு ஒரு தரம் தேய்ந்தது. "சைக்கிள்ல போற மனுசனுக்கு செருப்பு ஏன் இப்டித் தேயுது?" என்று கத்தினேன். "பிரேக்கு சரியில்ல, காலாலதான் நிறுத்தறேன்" என்றார். அவர் சொன்னதெல்லாம் எனக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது.

ஐப்பசி மழையில் காய்ச்சல் வந்தது. கால் வீங்கியது. உள்ளே பட்ட அடி ஆறவேயில்லை, இத்தனை நாள் இவர் நடமாடியதே அதிசயம் என்றார் டாக்டர். பத்து நாள் கூடத் தாங்கவில்லை. போய்விட்டார். இப்போது எழுதும்போதும் அந்தச் சொல்லுக்கு மேல் என்னால் எழுத முடியவில்லை.

சைக்கிள் சுவரோரம் நின்றது. காரியமெல்லாம் முடிந்து, கார்த்திகையில் ஒரு நாள் அண்ணன் ராயபுரம் வரைக்கும் அவசரமாகப் போக வேண்டுமென்று அதை எடுத்துக்கொண்டு போனார். தூறலில் நனைந்து திரும்பி வந்தவர், வாசலிலேயே திரும்பி நின்று வேட்டியைக் காட்டினார். பின்பக்கம் முழுக்கக் கருஞ்சிவப்பு.

"இன்னா தங்கச்சி, உன் சாயம் என் மானத்த வாங்கிச்சே! ரோட்டுல எல்லாம் சிரிக்கிறானுங்க. பெருசா நிக்குது நிக்குதுன்னியே?"

நான் சிரித்துவிட்டேன். என் வீட்டுக்காரர் போன பிறகு முதல் தடவையாகச் சிரித்தேன். "கொடு, தோய்ச்சித் தரேன்" என்று மாற்று வேட்டி கொடுத்துவிட்டு, அதை வாங்கிக்கொண்டு துவைக்கிற கல்லண்டை போனேன். சோப்புப் போட்டுத் தேய்த்தேன். போகவில்லை. அடித்துத் துவைத்தேன். போகவில்லை. தேய்த்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது.

ஈரக் கையோடு உள்ளே ஓடிப் பெட்டியைத் திறந்தேன். அவருடைய இரண்டு காக்கியையும் எடுத்து வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தேன். பங்குனியிலிருந்து ஐப்பசி வரைக்கும் நான் துவைத்த காக்கி. எங்கேயும் ஒன்றுமில்லை.

அவர் ஒரு நாள் கூட அந்தச் சீட்டில் உட்காரவில்லை. காலடிப்பேட்டையிலிருந்து துறைமுகம் வரைக்கும் அந்த இடுப்போடு நடந்தே போயிருக்கிறார். நடந்தே வந்திருக்கிறார். மேஸ்திரிக்குக் காட்டவும் எனக்குக் காட்டவும் அந்தச் சைக்கிளையும் கூடவே தள்ளிக்கொண்டு போயிருக்கிறார். ரோட்டில் பார்த்தவர்கள் பஞ்சர் என்று நினைத்திருப்பார்கள். ராத்திரி நான் "குத்துதா?" என்று கேட்டபோதெல்லாம், துளி கூட இல்லை என்றார்.

"இன்னா ஆச்சு?" என்று வாசலிலிருந்து அண்ணன் கேட்டார். உள்ளங்கையளவாவது ஒரு கறை இருக்காதா என்று காக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு அழுதேன். கல்லின் மேல் கிடந்த அண்ணன் வேட்டியிலிருந்து சிவப்புத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.