யாருமில்லாத கடலின் வெப்பம்

இந்தத் தீவுநாட்டின் தலைநகரான சுவாவின் சந்தையில், சிப்பியின் சதை வேண்டாமென்று ஓட்டை மட்டும் கேட்கும் இந்தியக்காரி என்றால் அது நான்தான். வாசுவா என்று தீவின் பூர்வகுடிகள் அழைக்கும் பெருஞ்சிப்பியின் சதையை எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்து உண்பார்கள். ஓட்டைக் குப்பையில் எறிவார்கள். முன்பெல்லாம் மீன்காரப் பெண்கள் சிரித்துக்கொண்டே அதைக் கழுவித் தருவார்கள். இந்தியர் மிகுந்த அரசைக் கவிழ்க்கச் சிப்பாய்கள் துப்பாக்கியோடு நாடாளுமன்றத்துக்குள் நுழைந்த பிறகு, ஓடு என் காலடியில் வந்து விழுகிறது. "உன் ஊரில் சிப்பி இல்லையா?" என்கிறார்கள். உண்டு, நான் தூத்துக்குடிக்காரி. அங்கே கரையில் ஒதுங்கியதை எடுக்க எவரையும் கேட்டதில்லை. இங்கே ஒவ்வொரு கரைக்கும் ஒரு கிராமம் உரிமை கொண்டாடுகிறது.

சிப்பி வளரும்போது கடல்நீரின் ஆக்சிஜனைத் தன் ஓட்டில் சேர்த்துக்கொள்கிறது. அதில் கனமானதும் உண்டு, இலேசானதும் உண்டு. நீர் குளிர்ந்தால் கனமானது சற்றுக் கூடும். அந்த விகிதத்தைக் கொண்டு, சிப்பி வாழ்ந்த கடலின் வெப்பத்தைக் கணிக்கலாம். சந்தை ஓடுகள் எனக்கு ஒப்பீட்டுக்கு மட்டுமே. நான் தேடுவது மண்ணுள் புதைந்த தொல்லோடுகளை. சிகடோகாவுக்கு அப்பால் ஒரு கடற்கரைக் கிராமத்தில் அனுமதி பெற்றுத் தோண்டி, மேல் அடுக்குகளை எடுத்திருந்தேன். அடி அடுக்கு மிஞ்சியிருந்தபோது ஆட்சி கவிழ்ந்தது. பழைய அனுமதி செல்லாது என்று கிராமத்தார் சொல்லியனுப்பினார்கள். இந்த ஆண்டோடு என் பல்கலைக்கழக ஒப்பந்தம் முடிகிறது. அடி அடுக்கு கிடைக்காவிட்டால் என் உழைப்பு தொடக்கம் இழந்த கதையாகிவிடும்.

ஆகவே சென்ற மாதம் மறுபடியும் போனேன். டாக்சி ஓட்டியவர் சின்னசாமி. சென்னையிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர். வான்கூவருக்குப் போகப் பெட்டி கட்டி வைத்திருந்தார்.

"எங்க ஜனம் உசிரைக் கையில புடிச்சிக்கினு பறக்குது. டீச்சர் இன்னான்னா செத்த சிப்பியப் பாக்கப் போறீங்க."

"நீங்க மட்டும் ஏன் அண்ணா வண்டி ஓட்டறீங்க?"

"வீசா வர்ற வரிக்கும் வவுறு சும்மா இருக்குமா? அங்க ஜாஸ்தி பேசாதீங்க. எது கேட்டாலும் ஆமா சொல்லுங்க, அது போதும்."

கிராமத் தலைவரின் முன், இடித்துக் கரைத்துக் குடிக்கும் யாங்கோனா வேரின் கட்டு ஒன்றை வழக்கப்படி காணிக்கையாகப் பாயில் வைத்தேன். அவர் அதைத் தொட்டால் அனுமதி. நரைத்த தலையும் நிதானமும் கொண்ட அவர் ஆங்கிலத்தில் கேட்டார்:

"நீ கொண்டுபோன சிப்பிகள் எந்தக் காலத்தவை?"

"உங்கள் முன்னோர் இங்கே வாழ்ந்த காலம்."

முகம் இளகியது. கை வேரை நோக்கி நீண்டது.

"அடியில் இருப்பவை இன்னும் பழையவையா?"

"மிகப் பழையவை."

"அப்போதும் இந்த மண் எங்களுடையது. அதையும் எழுதுவாயா?"

பின்னால் சின்னசாமி இருமினார். அந்த இருமலின் பொருள் எனக்கு விளங்காமலில்லை. ஆனால் மனிதர் வருமுன் கடல் எப்படியிருந்தது என்பதை அறியத்தான் அந்த அடுக்கே எனக்கு வேண்டியிருந்தது.

"அப்போது இந்தத் தீவில் யாருமே இல்லை" என்றேன்.

நீண்ட கை நின்றது.

"இங்கே யாருமில்லை என்று சொல்லிக்கொண்டு வந்தவர்களை நாங்கள் முன்பும் பார்த்திருக்கிறோம்" என்றார். குரலை உயர்த்தவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டார்.

வண்டி ஊரைத் தாண்டியதும் சின்னசாமி வெடித்தார்.

"ஒரு ஆமா, டீச்சர்! சொன்னா நாக்கு வெந்துடுமா? நாலு தலமொறயா நாங்க அதச் சொல்லிக்கினுதான் சோறு துன்னோம்."

"சொல்லியும் போகத்தானே போறீங்க அண்ணா?"

அவர் வண்டியின் வேகத்தைக் கூட்டினார். பிறகு, "வேர இன்னா பண்ணீங்க?" என்றார்.

"அங்கேயே விட்டுட்டேன்."

"தொடலன்னா எடுத்துக்கினு வரணும்."

"கொடுத்ததை எப்படித் திரும்ப எடுப்பது?"

தலைவர் ஏற்காததால் அது அவருடையதல்ல. நான் வைத்துவிட்டதால் என்னுடையதுமல்ல. கூட்டிப் பெருக்குபவர்கள்கூட அதைச் சுற்றியே பெருக்க, அந்த வேர்க்கட்டு இன்னும் பாயின் நடுவே கிடப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.