அம்மா வாசித்த பலகைகள்

கொச்சியில் சட்டக் கல்லூரியில் மூன்றாம் வருடம் படிக்கும்போது, மதுரையில் நடந்த ஒரு மாதிரி நீதிமன்றப் போட்டிக்குக் காரில் போனோம். மூன்று பேர். கார் ஆலுவாவிலிருந்து வரும் என் தோழியின் அப்பாவுடையது, அவள்தான் ஓட்டினாள். தேவராவிலிருந்து வந்த நண்பனுக்கு வண்டி ஓட்டத் தெரியாது, ஆனால் வழி முழுக்கப் பேசத் தெரியும். வாதாடுவது போக எனக்கு இன்னொரு வேலையையும் தலையில் கட்டியிருந்தார்கள். குமுளி தாண்டிவிட்டால் தமிழ் சம்பந்தப்பட்ட எல்லாவற்றுக்கும் நான்தான் பொறுப்பு.

மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டில் பேசுவது தமிழ்தான். அப்பாவுக்கு மாநகராட்சியில் துப்புரவு வேலை. தென்காசிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்த அம்மா, போர்ட் கொச்சியில் ஒரு சின்ன லாட்ஜில் அறைகளைச் சுத்தம் செய்கிறாள். நான் படித்ததெல்லாம் மலையாளப் பள்ளிக்கூடத்தில். தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். புறப்படும்போதே இதைச் சொன்னேன். பேச வருமே, அது போதும் என்று தோழி சொல்லிவிட்டாள்.

மலை இறங்கி, கம்பத்துத் திராட்சைத் தோட்டங்களையெல்லாம் தாண்டிப் போனபோது ஓரிடத்தில் ரோடு அடைத்துக் கிடந்தது. இரண்டு தார் டிரம்களுக்கு நடுவே ஒரு தகரப் பலகை. யாரோ பெயிண்டில் கையால் எழுதியிருந்தார்கள்; பாதி எழுத்து மழையில் வழிந்திருந்தது. போனில் மேப் நேராகப் போகச் சொல்லிக்கொண்டே இருந்தது. நான் இறங்கி நின்று ‘பா... ல... ம்’ என்று ஆரம்பித்தேன். பின்னால் ஒரு லாரி விடாமல் ஹாரன் அடித்தது. எனக்கு வேர்த்துவிட்டது. பலகையைப் போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன்.

உடனே குரல் பதிவு வந்தது. மூன்று பேரும் போனுக்கு மேல் குனிந்து கேட்டோம்.

“பாலம் வேலை நடக்குதாம். இடது கைப்பக்கம் திரும்பி வாய்க்கா கரையோட போகச் சொல்லிருக்கு. மெதுவாப் போங்க. சாப்பிட்டுட்டுப் போங்க.”

சாப்பிடச் சொல்லியும் பலகையில் எழுதியிருக்கிறதா என்று நண்பன் ரொம்ப அக்கறையாகக் கேட்டான்.

வாய்க்கால் கரைப் பாதை ஒரு கார் மட்டும் போகிற அகலம். ஒரு பக்கம் தென்னை, மறுபக்கம் தண்ணீர். தோழி மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டினாள். பெரிய ரோட்டில் ஏறியதும் அவளே என் போனை வாங்கி, ஒரு டீக்கடையின் கரும்பலகையைப் படமெடுத்து அம்மாவுக்கு அனுப்பினாள். உளுந்து வடை, பருத்திப்பால், சுக்குக் காப்பி என்று அம்மா வாசித்து அனுப்பினாள். பருத்திப்பாலைக் குடித்துப் பாருங்கள், உடம்புக்கு நல்லது என்றாள். குடித்தோம். அதற்கப்புறம் படம் அனுப்புவதை நிறுத்த முடியவில்லை. பஸ்ஸின் பெயர், லாரியின் முதுகில் இருந்த வாசகம், சுவரில் காதணி விழா விளம்பரம், எல்லாம் கொச்சிக்குப் போய் அம்மாவின் குரலில் திரும்பி வந்தன. ஒரு பதிவில் பின்னால் தண்ணீர் சத்தம் கேட்டது. இன்னொன்றில் அவளோடு வேலை செய்கிற சேச்சி, பிள்ளைகள் எங்கே வரை போனார்கள் என்று மலையாளத்தில் கேட்டுக்கொண்டிருந்தாள்.

போட்டியில் இரண்டாவது சுற்றிலேயே தோற்றோம். தோற்ற விவரத்தை அம்மாவிடம் சொன்னேன். அவள், திரும்பி வருகிற வழியிலும் பலகை அனுப்புவீர்களா என்று கேட்டாள். கல்யாணமாகி வந்த ரயில் பயணத்துக்கு அப்புறம் அவள் ஊருக்குப் போய் வந்ததெல்லாம் சாவுக்கும் கல்யாணத்துக்கும்தான். சும்மா சுற்றிப் பார்க்க என்று எங்கும் போனதில்லை.

தோழியிடம் இதைச் சொன்னேன். செமஸ்டர் பரீட்சை முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை, நண்பனையும் ஏற்றிக்கொண்டு காரை எங்கள் தெரு முனையில் கொண்டுவந்து நிறுத்தினாள். எங்கே போகலாம் என்று அம்மாவையே கேட்டோம். அவள் யோசிக்கவே இல்லை.

“குளிருத எடத்துக்கு” என்றாள்.

மூணாறிலிருந்து லாட்ஜுக்கு வருகிறவர்கள் கழற்றிப் போடுகிற கம்பளிச் சட்டைகளை மடித்து வைக்கும்போதெல்லாம் அந்தக் குளிர் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொள்வாளாம். அப்பாவுக்கு அன்று விடுப்பு கிடைக்கவில்லை. போய் வா என்று தன் மழைக்கோட்டை எடுத்துக் கொடுத்தார்.

மூணாறு மலை ஏறும்போது அம்மா முன்சீட்டில் கண்ணாடியை இறக்கிவிட்டு முகத்தை வெளியே நீட்டிக்கொண்டு வந்தாள். தேயிலைத் தோட்டத்தருகே இறங்கியதும் பல் கிட்டித்தது. மழைக்கோட்டைப் போட்டுக்கொள்ளச் சொன்னேன். வேண்டாம் என்றாள்.

“ஏட்டி, கொஞ்ச நேரம் குளிரட்டும். இதுக்குத்தான வந்தோம்.”

கைகளைக் கட்டிக்கொண்டு, உதடு நடுங்க, சிரித்தபடி நின்றாள். பிறகு நால்வரும் ரோட்டோரத்து ஒரு தட்டுக்கடையில் சாயா குடித்தோம். அம்மா இரண்டாவது சாயா கேட்டு வாங்கினாள்.

இறங்கும்போது நான் ஓட்டினேன். அம்மாவும் தோழியும் பின்னால். அடிமாலி வருவதற்குள் அம்மா தோழியின் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். ஒவ்வொரு வளைவிலும் தோழி அவள் தலையைக் கையால் அணைத்துப் பிடித்துக்கொள்வதைக் கண்ணாடியில் பார்த்தேன். தோள் வலிக்கவில்லையா என்று மெல்லக் கேட்டதற்கு, பேசாமல் ஓட்டு என்று சைகை காட்டினாள்.